கிளிமஞ்சாரோ: ஏறியவரும் சுமந்தவரும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

காலை முதல் இம்மேடையில் பேசியோர் சங்கத்தின் வரலாற்றையும், நம் பிள்ளைகள் அடைந்த பதவிகளையும் எடுத்துரைத்தனர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ ஒரு மலை. “ஆப்பிரிக்காவிற்குச் சென்று மலையேறி வந்தீர்களே, அதை நம் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள்” என்று செயலாளர் பணித்தார். மறுக்க இயலவில்லை. ஆயினும், தொடங்கும் முன்பே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழில் என்னைக் ‘கிளிமஞ்சாரோ சிகரம் தொட்ட தலைமையாசிரியர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பிழை. நான் சிகரத்தைத் தொடவில்லை. 5,895 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏறத்தாழ 5,150 மீட்டர் வரை ஏறினேன். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டேன். பிள்ளைகளின் தேர்வுத்தாளில் பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்துவது என் தொழில். என் பெயருக்கு முன்னால் நிற்கும் பிழையை மட்டும் திருத்தாமல் விடலாகாது.

இனி, நான் அங்குச் சென்ற விதத்தைச் சொல்கிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை பயின்று, நம் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் விளக்கடியில் அமர்ந்து கணக்குப் போட்ட மாணவர் ஒருவர் இன்று தான்சானியா நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் கணக்கராகப் பணிபுரிகிறார். “ஐயா, புவியியல் பாடத்தில் கரும்பலகையில் வரைந்து காட்டினீர்களே, அந்த மலை இங்கேதான் இருக்கிறது. செலவு என்னுடையது. ஒருமுறை வாருங்கள்” என்று எழுதினார். ஐம்பதைக் கடந்தவனுக்கு மலையேற்றமா என்று வீட்டில் சிரித்தார்கள். மருத்துவரிடம் உடலைச் சோதித்துக்கொண்டேன். ஆறு மாதம் விடியற்காலையில் நடந்து பழகினேன். துறையிடம் தடையின்மைச் சான்று பெற்று, 2023-ஆம் ஆண்டின் காலாண்டு விடுமுறையோடு சில நாட்கள் ஈட்டிய விடுப்பும் சேர்த்துக்கொண்டு, அடிஸ் அபாபா வழியாக விமானம் ஏறினேன்.

மலையும் மக்களும்

கிளிமஞ்சாரோ தான்சானியாவின் வடகிழக்கில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று பாகையில் உள்ளது. ஆப்பிரிக்காவிலேயே உயர்ந்த மலை அதுவே. இமயம்போலத் தொடர்மலை அன்று. சமவெளியில் தனித்து எழுந்து நிற்கும் எரிமலை. ஷீரா, மவென்சி, கிபோ என அதற்கு மூன்று முகடுகள் உண்டு. முதலிரண்டும் அவிந்துபோனவை. கிபோ உறங்குகிறது, அதன் வாயில் இன்றும் கந்தக ஆவி கசிகிறது. மிக உயர்ந்த புள்ளி கிபோவின் விளிம்பில்தான் இருக்கிறது. நம் உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று படித்திருக்கிறீர்கள். கிளிமஞ்சாரோவில் முதல் நாள் இரவு நாங்கள் படுத்துறங்கிய மந்தாரா குடிலே 2,720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், மலையின் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மலையடிவாரத்தில் வாழ்வோர் சாக்கா இன மக்கள். வாழையும் காப்பியும் கலந்த அவர்களுடைய தோட்டங்களைக் கண்டபோது எனக்கு அயல்நாடு என்ற எண்ணமே வரவில்லை. வாழை நிழலில் காப்பிச்செடி, வீட்டையொட்டி மாட்டுக்கொட்டில், மலையோடைகளிலிருந்து தோட்டங்களுக்கு நீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள். இவ்வாய்க்கால்களை அவர்களுடைய முன்னோர் குலம் குலமாகக் கூடி வெட்டினார்கள். பேணும் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ஆப்பிரிக்கர் காப்பி பயிரிடலாகாது என்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் எதிர்த்தபோது, இம்மக்கள் 1925-இல் தங்களுக்கென ஒரு பயிரிடுவோர் சங்கம் அமைத்தார்கள். 1933-இல் அது கூட்டுறவு ஒன்றியமாக மாறியது. சங்கம் அமைத்தவர்களின் அருமை சங்கம் அமைத்த நமக்குத் தெரியும்.

மலைமேல் செல்லச் செல்ல நிலம் மாறுகிறது. தோட்டங்களுக்கு மேலே மழைக்காடு, அதற்கு மேலே புதர்வெளி, அதற்கும் மேலே புல்லும் கல்லும், பின்னர் குளிர்ப் பாலைவனம், உச்சியில் பனிக்கட்டி. நில நடுக்கோட்டிலிருந்து துருவம் வரை நடப்பதுபோன்ற ஒரு பயணம் ஆறே நாட்களில் முடிந்துவிடுகிறது. புதர்வெளிக்கு மேலே ஆளுயரத்தைக் கடந்து வளரும் ஒரு செடியினம் உண்டு. அது உதிரவேண்டிய காய்ந்த இலைகளை உதிர்ப்பதில்லை. தண்டைச் சுற்றிப் போர்வைபோல் வைத்துக்கொண்டு இரவுக் குளிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது.

அம்மலையின் பனிமுடியைப் பற்றி உலகமெங்கும் கவலை பேசப்படுகிறது. 1912-இல் இருந்த பனிப்பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு 2007-க்குள் மறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் அளந்து கூறியுள்ளனர். ஆனால் அடிவாரத்து ஓடைகளில் ஓடும் நீரில் பெரும்பங்கு அந்தப் பனியிலிருந்து வருவதன்று. நடுவே நிற்கும் காட்டிலிருந்து வருகிறது. மழையையும் மேகத்தின் ஈரத்தையும் பிடித்து வைப்பது காடுதான். படத்தில் எல்லாரும் பனிமுடியைப் பார்க்கிறோம். குடிநீர் தருவதோ கண்ணில் படாத காடு. இதை வழிகாட்டி எனக்குச் சொன்னபோது, ஊருக்குப் போனதும் வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

வாயிலில் இருந்த தராசு

கிளிமஞ்சாரோவில் எவரும் தம் விருப்பப்படி தனியே ஏற இயலாது. உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வரவேண்டும் என்பது தேசியப் பூங்காவின் விதி. நாங்கள் ஏறுவோர் இருவர். எங்களுக்காக வந்தவர்கள் ஒன்பது பேர். தலைமை வழிகாட்டி ஒருவர், துணை வழிகாட்டி ஒருவர், சமையற்காரர் ஒருவர், சுமையாளர் ஆறு பேர். இரண்டு பேர் மலையேற ஒன்பது பேரா என்று நான் திகைத்தேன். அரிசி, மாவு, காய்கறி, அடுப்பு, எரிவாயு, போர்வை, பாத்திரம் யாவும் மனிதர் தலையிலும் தோளிலுமே மேலே செல்ல வேண்டும் என்பது அதன்பின்புதான் விளங்கிற்று.

நாங்கள் சென்றது மராங்கு என்னும் வழி. அதன் வாயிலில், 1,800 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், ஒரு தராசு தொங்குகிறது. ஒவ்வொரு சுமையாளரும் தம் மூட்டையை அதில் மாட்டி எடை காட்ட வேண்டும். சுமை 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. என் பையையும் மாட்டினார்கள். பத்தொன்பது வயது இருக்கலாம், ஓர் இளைஞர். துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, என் பையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, அந்தச் சும்மாட்டைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். பண்ணை வீட்டார் இரயிலில் வந்து இறங்கும்போதெல்லாம் நிலையத்திலிருந்து ஊர் வரை அவர்களுடைய பெட்டிகளைத் தலையில் சுமந்து வந்தவர் அவர். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் சுமையை நிறுக்க எந்தத் தராசும் இல்லை. கூலி என்று ஒரு சொல்லும் இல்லை. கொடுத்தால் கஞ்சி, கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை. அந்தப் பாட்டனாரின் பேரனாகிய நான், கடல் கடந்து வந்து, வேறொரு தாயின் பிள்ளை தலையில் என் மூட்டையை ஏற்றியிருக்கிறேன்! நாணத்தால் என் உடல் குன்றிற்று.

நான் ஓடிச்சென்று, “பையைக் கொடுங்கள், என் சுமையை நானே சுமப்பேன்” என்றேன். அந்த இளைஞர் அஞ்சிப்போய் வழிகாட்டியைப் பார்த்தார். நாற்பது வயதான வழிகாட்டி என்னைத் தனியே அழைத்துச் சென்று சொன்னது இதுதான்: “ஐயா, நீங்கள் இரக்கப்பட்டு அந்தப் பையை வாங்கிக்கொண்டால் அவனுக்கு இந்த ஆறு நாள் கூலி இல்லை. நானும் ஒன்பது ஆண்டு சுமந்துவிட்டுத்தான் வழிகாட்டியானேன். அவனுக்கு வேண்டியது உங்கள் இரக்கமன்று. தராசு ஏமாற்றாமல் இருக்கட்டும். பேசிய கூலி கைக்கு வரட்டும். இரவில் வயிறார உணவும் காலுக்கு நல்ல காலணியும் இருக்கட்டும். இவை நான்கும் இருந்தால் அவன் செய்வது வேலை. இல்லாவிட்டால்தான் அது அடிமைத்தனம்.”

நான் வாயடைத்து நின்றேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அவர் நான்கு வரியில் பாடம் நடத்திவிட்டார். சுமப்பது இழிவன்று, அளவின்றிச் சுமத்துவதும், கூலியின்றிச் சுமத்துவதும், பிறப்பைக் காட்டிச் சுமத்துவதுமே இழிவு. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, வேலை நேரத்துக்கும் கூலிக்கும் சட்டத்தால் எல்லை வகுக்கப் பாடுபட்டதன் பொருளை, புத்தகத்தில் படித்தபோது உணர்ந்ததைவிட அந்தத் தராசின் முன் நன்றாக உணர்ந்தேன்.

அந்தத் தராசும் தானாக நேர்மையாகிவிடவில்லை. குறைந்த கட்டணத்தில் மலையேற்றுகிறோம் என்று அழைப்போர் பலர் உண்டு. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது? பூங்காவிற்குச் செலுத்தும் கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஆகவே சுமையாளரின் கூலியில், உணவில், கூடாரத்தில் கைவைக்கிறார்கள். இதைத் தடுக்க, 2003 முதல் கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டம் என்னும் அமைப்பு பணியாற்றி வருகிறது. கூலி முறையாகத் தரப்படுகிறதா, உணவும் உறைவிடமும் உண்டா என்று கண்காணிக்கிறது. குளிருக்கான ஆடையும் காலணியும் இல்லாத சுமையாளர்களுக்கு அவற்றைக் கட்டணமின்றி இரவலாகத் தருகிறது. என் மாணவர் இதையெல்லாம் விசாரித்து, அதிகச் செலவானாலும் கூலி ஒழுங்காகத் தரும் குழுவையே தேர்ந்தெடுத்திருந்தார். அதற்காக அவரை நான் இம்மேடையில் பாராட்டுகிறேன்.

மெதுவாக, மெதுவாக

நடக்கத் தொடங்கியதும் முதலில் கற்ற சுவாகிலிச் சொல் ‘போலே போலே’. ‘மெதுவாக, மெதுவாக’ என்பது அதன் பொருள். திருமண ஊர்வலத்தில் நடப்பதைவிட மெதுவாக நடக்கச் சொன்னார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. பின்புதான் காரணம் விளங்கிற்று. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கிளிமஞ்சாரோவின் உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகிவிடுகிறது. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை வரும். மேலும் முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதியாகும். இதற்கு இளைஞர், முதியவர் என்ற வேறுபாடு இல்லை. வலிமையுள்ள இளைஞர்கள்தாம் விரைந்து ஏறி முதலில் வீழ்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார்.

முதல் நாள் காட்டின் வழியே மந்தாரா. இரண்டாம் நாள் 3,720 மீட்டரில் ஹொரொம்போ. மூன்றாம் நாள் அங்கேயே தங்கல். ஆனால் சும்மா இருக்க விடுவதில்லை. ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை அழைத்துச் சென்று, மீண்டும் கீழே கொண்டுவந்து படுக்கவைக்கிறார்கள். பகலில் உயரத்தைக் காட்டி, இரவில் தாழ்வில் உறங்கவைத்தால் உடல் பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முறை.

நாங்கள் ஊர்ந்து செல்லும்போது சுமையாளர்கள் எங்களைக் கடந்து விரைவார்கள். நாங்கள் குடிலை அடையும்போது சிறு பாத்திரத்தில் வெந்நீர் காத்திருக்கும். அவர்கள் உண்பது உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி. ஒரு மாலை நானும் அவர்களோடு அமர்ந்து கேட்டு வாங்கி உண்டேன். உருட்டி, குழித்து, கீரையைத் தொட்டு வாயில் இட்டபோது என் தாயார் கிளறிய கேழ்வரகுக் களி நினைவுக்கு வந்தது. நான் ஆசிரியன் என்று அறிந்ததும் அவர்கள் என்னை ‘ம்வாலிமு’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுவே சொல்.

அன்று இரவுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் பையைச் சுமந்துவரும் இளைஞரின் பெயரை மூன்று நாளாக நான் கேட்கவே இல்லை! நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவன் நான். என் பாட்டனாரை ‘ஏய்’ என்று அழைத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆறாத சினம் உண்டு. அப்படிப்பட்ட நானே மூன்று நாள் அவரைக் கைச்சாடையால் அழைத்திருக்கிறேன். எழுந்து சென்று பெயர் கேட்டேன். என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மற்ற எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினேன். அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

இம்மலையின் வரலாறும் பெயர்களைப் பற்றியதுதான். 1848-இல் யோகன்னஸ் ரெப்மன் என்னும் செருமானிய மதப்பணியாளர் மலையுச்சியில் வெண்மையாக ஒன்றைக் கண்டார். அது கடுங்குளிரான பொருள் என்று உடன் சென்ற ஆப்பிரிக்க வழிகாட்டிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ரெப்மன் அதைப் பனி என்று எழுதி அனுப்பினார். இலண்டனில் வீட்டிலிருந்தபடியே நிலப்படம் வரைந்த அறிஞர்கள், நிலநடுக்கோட்டில் பனியா என்று நகைத்தனர். 1861-62-இல் வேறொரு ஐரோப்பியர் வந்து கண்டு சொன்ன பின்பே உலகம் ஒப்புக்கொண்டது. அடிவாரத்து மக்கள் நாள்தோறும் கண்ட உண்மைக்கு அதுவரை மதிப்பில்லை.

உச்சியை முதலில் அடைந்தவர்களாக நூல்கள் கூறுவது ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் என்னும் இருவரை. நாள் 1889 அக்டோபர் 6. மேயர் அதற்கு முன் இருமுறை தோற்றவர். 1887-இல் பனிச்சுவர் தடுத்தது. 1888-இல் கடற்கரைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியில் சிறைப்பட்டு, மலையை அடையாமலே திரும்பினார். மூன்றாம் முறை அவர் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். மலையில் வெவ்வேறு உயரங்களில் முகாம்கள் அமைத்து, கீழிருந்து சுமையாளர்கள் தொடர்ந்து உணவு கொண்டுவந்து சேர்க்கச் செய்தார். அதனால் ஒருநாள் முயற்சி தவறினாலும் அடிவாரம் வரை இறங்காமல் மறுபடியும் முயல முடிந்தது. அக்டோபர் 3 அன்று எரிமலை விளிம்பு வரை சென்று, களைத்துத் திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் ஏறி உச்சியைத் தொட்டார்கள். அந்த இரண்டாம் வாய்ப்பைத் தந்தது எது? கீழிருந்து வந்த உணவு மூட்டை. ஆனால் உச்சிக்கு வைக்கப்பட்ட பெயர் செருமானியப் பேரரசர் வில்ஹெல்முடையது.

நூறாண்டு நிறைந்த 1989-இல்தான் தான்சானிய மக்கள் பழைய கணக்கைத் திருத்தினார்கள். அம்முதற் பயணத்தில் வழிகாட்டியாக இருந்தவர் என்று யோஹானி கின்யாலா லாவோ என்னும் சாக்கா முதியவரைப் போற்றினார்கள். அவர் 1996-இல் மறைந்தார். மராங்கு வாயிலில் மேயருக்கு நினைவுக்கல் இருப்பதுபோல, அப்பயணத்தின் ஆப்பிரிக்க வழிகாட்டிகளுக்கும் சுமையாளர்களுக்கும் இன்று நினைவுக்கல் உண்டு. நான் இரண்டின் முன்பும் நின்று வணங்கினேன்.

உச்சியின் பெயரும் மாறிற்று. 1961 டிசம்பர் 9 அன்று தாங்கனிக்கா விடுதலை பெற்றபோது, அலெக்சாண்டர் நிரெண்டா என்னும் ஆப்பிரிக்கப் படை அதிகாரி உச்சியில் புதிய நாட்டின் கொடியையும் விடுதலைச் சுடரையும் நாட்டினார். அன்று முதல் அதன் பெயர் உஹுரு. விடுதலை என்பது பொருள். அந்நாட்டின் முதல் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர்; மக்கள் அவரை இன்றும் ‘ம்வாலிமு’ என்றே குறிப்பிடுகிறார்கள். இழிவு செய்யப்பட்டோர்க்கு மாண்பு தரும் ஒரு விளக்கை அம்மலையின் உச்சியில் ஏற்ற வேண்டும் என்னும் கருத்தை 1959-லேயே அவர் சட்டமன்றத்தில் வெளியிட்டிருந்தார். அப்பெயரால் என்னை அழைத்தபோது நான் கூசியதற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும்.

திரும்பிய இடம்

நான்காம் நாள், மரமோ நீரோ இல்லாத வெற்றுவெளியைக் கடந்து, 4,700 மீட்டருக்கு மேலுள்ள கிபோ குடிலை அடைந்தோம். அன்று நள்ளிரவில் இறுதி ஏற்றம். இரவில் சரளை குளிரில் இறுகியிருக்கும் என்பதாலும், விடியலில் உச்சியை அடைந்து பகலில் இறங்கிவிடலாம் என்பதாலும் அந்நேரத்தைத் தேர்கிறார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. குடிநீர்ப் புட்டியின் வாய் உறைந்துவிட்டது. ஒரு மணி நேரத்திலேயே எனக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது. இருமுறை வாந்தியெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஹான்ஸ் மேயர் குகை என்று அழைக்கப்படும் பாறையடியில் நின்றோம். துணை வழிகாட்டி என் முகத்தில் விளக்கைக் காட்டிப் பார்த்தார். தரையில் ஒரு கோடு இழுத்து, குதிகாலும் விரலும் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் சாய்ந்தேன். மீண்டும் ஒருமுறை நடந்தேன், மீண்டும் சாய்ந்தேன். “இறங்க வேண்டும், ம்வாலிமு” என்றார்.

நான் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். “ஊரில் எனக்காகக் காத்திருக்கிறார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தோற்றேன் என்று எப்படிச் சொல்வேன்?” என்றேன். அவருக்கு வயது இருபத்தைந்து கூட இராது. “ஏறுவது உங்கள் விருப்பம், உங்களை உயிரோடு இறக்குவது என் பொறுப்பு” என்றார். அதற்குமேல் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பினார். என் மாணவர் தாமும் திரும்புவதாகச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. “நீ போய் வா” என்று தலைமை வழிகாட்டியோடு அனுப்பினேன்.

முந்நூறு மீட்டர் இறங்குவதற்குள் தலைவலி பாதியாகக் குறைந்தது. அந்நோய்க்கு இறங்குவதைவிடச் சிறந்த மருந்தில்லை. கிபோ குடிலுக்குச் சற்று மேலே இருட்டில் ஒரு விளக்கு அசைந்து வந்தது. என் பையைச் சுமந்த இளைஞர், வெந்நீர்க் குடுவையில் தேநீரோடு எதிர்கொண்டு வந்திருந்தார். நான் முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். மூவரும் ஒரு பாறைமேல் அமர்ந்து ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தோம். கிழக்கே மவென்சி முகட்டின் பின்னால் வானம் சிவந்தது. என் மாணவர் அப்போது விளிம்பை அடைந்து, உஹுருவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு முன் அவர் உச்சியில் நின்றார்.

நண்பகலில் இறங்கிவந்த அவர் என் கால்களைத் தொட்டார். “ஐயா, நீங்கள் இல்லாமல் அங்கே நின்றது எனக்குக் குறையாக இருக்கிறது” என்றார். “நீ நின்றாயே, அது போதும்” என்றேன். வாய்ச்சொல்லாக அன்று, உளமாரச் சொன்னேன்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மலை நமக்கு உரியதன்று என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 2014 மே 25 அன்று எவரெஸ்டின் உச்சியில் நின்ற இருவரை நினையுங்கள். மாலாவத் பூர்ணா, பழங்குடிப் பெண். அப்போது அவருக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். ஆனந்த் குமார், தலித் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் தெலங்கானாப் பகுதியில் அரசு சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்த மாணவர்கள். புவனகிரிப் பாறையில் பயிற்சி தொடங்கியவர்கள். பூர்ணா 2016-இல் கிளிமஞ்சாரோவிலும் ஏறினார். நான் திரும்பிய இடத்தை அச்சிறுமி தாண்டிச் சென்றார் என்பதில் எனக்குப் பெருமையே. அரசுப் பள்ளி, விடுதி என்று எவரேனும் இளக்காரமாகப் பேசினால் இப்பெயர்களைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, திரும்பி வந்தவனைத் தோற்றவன் என்று தள்ளாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வரும் நாளில் என் நெஞ்சு பதைக்கிறது. மதிப்பெண் குறைந்ததென்று உயிரையே விடத் துணியும் பிள்ளைகளை நான் அறிவேன். மேயர் 1889 அக்டோபர் 3 அன்று திரும்பியிராவிட்டால் 6 அன்று ஏறியிருக்க மாட்டார். உயிரோடு இறங்கி வந்தவனுக்குத்தான் மறுமுயற்சி உண்டு. மறுமுயற்சிக்குக் கீழே உணவு மூட்டை தயாராக இருக்க வேண்டும். தவறியவர்களுக்கு மீண்டும் தேர்வெழுத உதவும் வகுப்பொன்றை நம் சங்கம் இவ்வாண்டே தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதில் கற்பிக்க என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறேன்.

மூன்றாவது, நீங்கள் உயர்ந்த பின் உங்கள் சுமையையும் யாரோ ஒருவர் தூக்குவார். வீட்டு வேலைக்கு வரும் பெண், அலுவலகத்தைப் பெருக்கும் முதியவர், மேசைக்குத் தேநீர் கொண்டுவரும் சிறுவயதினர். நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காத தராசை அவர்களுக்கு நீங்கள் பிடிக்க வேண்டும். அளவறிந்த வேலை, நாள் தவறாத கூலி, மரியாதையான விளி. முதல் நாளே பெயரைக் கேளுங்கள். என்னைப்போல் மூன்று நாள் தாழ்த்தாதீர்கள்.

நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மீண்டும் தூக்கிச் செல்ல நட்ட கற்கள் அவை. வீடு வீடாகச் சென்று பிடியரிசி வாங்கி இச்சங்கத்தை நடத்திய பெரியோர்கள் நமக்கு அப்படி ஒரு கல்லை நட்டார்கள். அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பலர் இல்லை. வெள்ளி விழா மலரில் பட்டம் பெற்றோர் பட்டியல் வருகிறது என்று கேள்விப்பட்டேன். பிடியரிசி கொடுத்த தாய்மார்களின் பெயர்களையும் கேட்டு எழுதி, அதற்கு முன்பக்கத்தில் அச்சிடுங்கள். என் பெயருக்கு முன்னுள்ள ‘சிகரம் தொட்ட’ என்னும் இரு சொற்களை நீக்கிவிடுங்கள். அந்த இடம் அவர்களுக்குப் பயன்படட்டும்.